லிசி அக்காவின் வலது கட்டைவிரல்

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, பழக்கடைகளைத் தாண்டி வந்தால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டு தொங்கும் ஒரு பழைய கட்டடம். அதன் முதல் மாடியில் எங்கள் கடை. எங்கள் கடை என்று சொன்னாலும் பாதிதான் என்னுடையது. வாசல் பக்கம் நான்: செல்போன் கவர், டெம்பர் கிளாஸ், சார்ஜர், ரீசார்ஜ். உள்பக்கம் லிசி அக்கா: டிவி கேம் ரிப்பேர். பன்னிரண்டு வருஷமாக ஒரே ஷட்டரை இரண்டு பேரும் சேர்ந்து தூக்குகிறோம்.

என் பெயர் ஷரபுன்னிசா. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி ஒட்டி வாங்கிப்போய், பாக்கெட்டில் சாவியோடு போட்டுக் கீறிவிட்டு, "மாத்திக் குடுங்க" என்று வந்து நிற்பவர்களை நான் சும்மா விட்டதில்லை. லிசி அக்கா குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை.

அக்கா பாலக்கரையில் பிறந்தவர். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது அந்த வகுப்பில் இரண்டே பெண்கள். படித்து முடித்து ஒரு டிவி சர்வீஸ் சென்டரில் சேர்ந்தார். "பொம்பளைப் புள்ள டிவியெல்லாம் எப்படித் தூக்கும்?" என்று சொல்லி, தூக்க வேண்டாத சின்னச் சாமான்களை எல்லாம் இவர் மேஜைக்குத் தள்ளினார்கள். அப்படி வந்ததுதான் டிவி கேம். கேசட்டைச் செருகி டிவியில் ஆடுவார்களே, அது. பரீட்சை லீவு விட்டால் ஊரில் உள்ள அத்தனை டிவி கேமும் உடைந்து இவர் மேஜைக்கு வரும். தலையில் கட்டிய வேலையை அவர் தன் வேலையாக ஆக்கிக்கொண்டார். கல்லூரி ஆபீஸில் கிளார்க்காக இருந்த அற்புதசாமி அண்ணனைக் கட்டிக்கொண்டார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தக் கேசட் மெஷின்கள் எல்லாம் இப்போது செத்துப்போய்விட்டன. ஆனால் அதில் ஆடிய பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு நாற்பது வயது நெருங்குகிறது, சம்பளம் வருகிறது, பழைய ஆசை மட்டும் போகவில்லை. அவர்களுக்காக அக்கா ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கம்ப்யூட்டர் பலகை. அதற்குள் எமுலேட்டர் என்று ஒரு மென்பொருளை ஏற்றினால், அந்தப் பலகை பழைய டிவி கேம் மெஷின் மாதிரியே நடந்துகொள்ளும்.

"இது நடிக்குது நிசா. ஆனா நல்லா நடிக்குது," என்பார்.

பலகையை ஏற்பாடு செய்வது ஒரு நாள் வேலை. கன்ட்ரோலரைச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரில், கட்டைவிரலால் தள்ளுகிற மாதிரி ஒரு ஸ்டிக் இருக்கும். அந்த ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் ஓர் எண்ணாகப் பார்க்கிறது. தொடாமல் விட்டால் நடுவில் பூஜ்யம். ஓரம் வரை தள்ளினால் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். நடு எது, ஓரம் எது என்று ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் கம்ப்யூட்டரிடம் சொல்லித் தர வேண்டும். நடுவைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, "இதுக்குள்ள ஆடுனா கண்டுக்காதே" என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரையில் இருக்கும் ஆள் யாரும் தள்ளாமலே நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்து சாவான்.

மற்ற கடைக்காரர்கள் கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டு, எண் பூஜ்யத்தில் நின்றால் சரி என்று டப்பாவில் போட்டுவிடுவார்கள். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். "மேஜையா விளையாடப் போவுது?" என்பார். ஸ்டிக்கின் மேல் வலது கட்டைவிரலை லேசாக, அழுத்தாமல் வைப்பார். வைத்துக்கொண்டு இருபது எண்ணுவார். அந்த இருபதுக்குள் எண் இருநூறைத் தாண்டினால் அந்தக் கன்ட்ரோலர் அவர் கடையிலிருந்து வெளியே போகாது. அதனால்தான் அவரிடம் வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

போன கார்த்திகையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கராஜ் என்று ஒருவர் வந்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வைகுண்ட ஏகாதசிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வெளியூரிலிருந்து வருவார்களாம். சின்ன வயதில் லீவுக்கு வந்து ஒரே டிவி கேமுக்கு அடித்துக்கொண்ட கூட்டம்.

"இந்தத் தடவை அடிச்சுக்கவே கூடாதுங்க. ஆறு பெட்டி, பன்னெண்டு ஜாய்ஸ்டிக். பண்ணித் தருவீங்களா?" என்றார்.

அக்காவுக்கு அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததே இல்லை. சிங்காரத்தோப்பில் மொத்தக் கடை வைத்திருக்கும் மார்ட்டினிடம் பன்னிரண்டு கன்ட்ரோலர் எடுத்தார். மார்ட்டினிடம்தான் இருபது வருஷமாக எடுக்கிறார்.

பன்னிரண்டில் எட்டைக் கழித்தார். விரலை வைத்தால் எண் ஓடுகிறது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு, திரும்ப முந்நூறு, திரும்ப இரண்டாயிரம். ஸ்டிக்கைக் கழற்றிப் புது ஸ்டிக் போட்டுச் சால்டர் வைத்தார். அப்போதும் ஓடியது. மார்ட்டினிடம் கொடுத்து வேறு எட்டு வாங்கினார். அதிலும் ஆறு கழிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"அந்த ஆளு மட்டமான சரக்கை உங்க தலையில கட்டுறான்க்கா. நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க, அதான் எளக்காரம்," என்று ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டது நான்தான். அதை இப்போது ஒளிக்க மாட்டேன்.

அக்கா முதல்முறையாக மார்ட்டினிடம் போனில் குரல் உயர்த்தினார். "இருவது வருசப் பழக்கத்துக்கு இதான் மரியாதையா மார்ட்டின்?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

மறுநாள் மதியம் அக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். வியாபாரம் இல்லை. கழித்துப்போட்ட கன்ட்ரோலர் ஒன்று திரையோடு மாட்டியபடியே கிடந்தது. எப்படித்தான் ஆடுகிறது பார்ப்போமே என்று என் கட்டைவிரலை வைத்தேன். இருபது எண்ணினேன். எண் நூறைத் தாண்டவில்லை. நான்தான் தப்பாகப் பிடிக்கிறேனோ என்று அடுத்ததை மாட்டினேன். அதுவும் நின்றது. ஆறையும் பார்த்தேன். ஆறும் கல்லு மாதிரி நின்றன.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அக்கா சாப்பிட்டு வந்து உட்கார்ந்தார், உடனே கரண்ட் போனது. கரண்ட் இல்லாமல் வேலை செய்ய முடியாது. மடியில் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசி மெல்ல மெல்ல உருண்டுகொண்டிருந்தன. இதை நான் ஆறு மாசமாகப் பார்க்கிறேன். அக்கா மனசுக்குள் ஜெபமாலை சொல்கிறார், மணி உருட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நானும் தஸ்பீஹ் மணி உருட்டுகிறவள்தானே. ஜெபம் பண்ணுகிறவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அந்த நேரங்களில் என் கஸ்டமரைக்கூட மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். கையில் மாலை இல்லை. உதடு அசையவில்லை. விரல் மட்டும் உருண்டது.

"என்ன நிசா?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன்.

யா அல்லாஹ், அந்த "ஒண்ணுமில்ல" என்னை என்ன பாடு படுத்திவிட்டது! சால்டர் வைக்கும்போது அக்காவின் கை ஆடாது. திருகு கழற்றும்போது ஆடாது. சும்மா இருக்கும்போது மட்டும்தான் ஆடும். அக்காவின் கை எப்போது சும்மா இருந்தது? கரண்ட் போனபோதும் அந்த இருபது எண்ணுகிற நேரத்திலும்தான் இருந்தது. அதனால்தான் அவருக்கும் தெரியவில்லை, வீட்டில் அண்ணனுக்கும் தெரியவில்லை.

ஊரில் யாரை வேண்டுமானாலும் முகத்துக்கு நேரே திட்டுகிற எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கை போனால் அக்காவிடம் என்ன இருக்கிறது? ஏகாதசி முடியட்டும், ஆர்டர் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கழித்த கன்ட்ரோலரில் ஒன்றிரண்டை எடுத்து, நானே விரல் வைத்துப் பார்த்து, தேறியவை இருக்கும் டப்பாவில் போட ஆரம்பித்தேன்.

அக்கா டப்பாவைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இது நேத்து கழிச்சதுல்ல?"

"இல்லக்கா, நீங்கதானே சாயந்தரம் ஓகேன்னு வச்சீங்க. மறந்துட்டீங்களா?"

"வச்சேனா?" என்று தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

இப்படி நாலைந்து தடவை. ஒரு நாள் என் பக்கம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நிசா, உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ரொம்ப மறதியா இருக்கு. எங்க பெரியம்மா ஒருத்தங்க இப்படித்தான் ஆரம்பிச்சு, கடைசில பெத்த புள்ளையையே யாருன்னு கேட்டாங்க. அவருகிட்ட சொல்லிடாத, பயந்துடுவாரு," என்றார். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் சார்ஜர் கேட்டு வந்தான். எழுந்து போய் சார்ஜர் எடுத்துக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆள் வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏகாதசிக்கு ஒரு வாரம் இருக்கையில் மார்ட்டின் நேரிலேயே வந்துவிட்டார். போனில் கேட்ட வார்த்தை அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. பத்துக் கன்ட்ரோலர் உள்ள அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"அக்கா, நான் தெரிஞ்சு மட்டமான சாமான் குடுக்கறவன் இல்ல. என் முன்னாடி டெஸ்ட் பண்ணுங்க."

ஒன்றை மாட்டித் தன் விரலை வைத்தார். எண் நின்றது.

"நீ அழுத்திப் புடிக்கிற. லேசா வைக்கணும். இங்க கொண்டா," என்று அக்கா வாங்கினார். வலது கட்டைவிரலை வைத்தார். எண் ஓடியது. ஆயிரத்து எழுநூறு. நானூறு. இரண்டாயிரத்து நூறு. "பாத்தியா? இதுக்கு என்ன சொல்ற?"

மார்ட்டின் திரையைப் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"ஆமாக்கா. சாமான் மோசந்தான். எந்தலையில யாரோ கட்டிட்டாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிறேன், மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிப் பெட்டியை மூட ஆரம்பித்தார்.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நல்ல மனுஷன், தன் மேல் இல்லாத பழியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். மட்டமான சரக்கு என்று அவனை ஏசியது நான். எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"அவரு பொய் சொல்றாரு அக்கா!" என்று கத்திவிட்டேன். "கன்ட்ரோலர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க கைதான் ஆடுது!"

அக்கா என்னைத் திட்டவில்லை. கன்ட்ரோலரை இடக்கைக்கு மாற்றினார். இடது கட்டைவிரலை ஸ்டிக்கில் வைத்து, உதட்டுக்குள் இருபது எண்ணினார். எண் அறுபதைத் தாண்டவில்லை. திரும்ப வலது விரலை வைத்தார். ஓடியது. வேறு கன்ட்ரோலர் எடுத்தார், இடது, வலது. இன்னொன்று எடுத்தார், இடது, வலது. பத்தையும் அப்படிப் பார்த்து முடித்தார். ஒன்றைக்கூட விடவில்லை.

பிறகு கேட்டார். "உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"பதினோரு நாளா."

"அப்ப டப்பால வச்சது?"

"நான்தான் மாத்தி மாத்தி வச்சேன். உங்களுக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது. "கை ஆடுதுன்னு இந்த நிமிஷந்தான் தெரியுது, அது ஆண்டவர் குடுத்தது. ஆனா பதினோரு நாளா எனக்குப் புத்தி கலங்குதுன்னு செத்துச் செத்துப் பொழைச்சேனே, அது நீ குடுத்தது நிசா," என்றார். குரல் உயரவே இல்லை. மார்ட்டின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினார். அவர் பதறிப்போய், "அய்யோ, விடுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

நாலு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. ஷட்டரைத் தூக்குவோம், இறக்குவோம். இடையில் ஒரு பேச்சு இல்லை. நான் வீட்டில் தொழுகை விரிப்பில் உட்கார்ந்து அழுதேன். என் கஸ்டமர் யாரையும் அந்த நாலு நாளும் நான் திட்டவில்லை. கீழே பழக்கடைக்காரர் மேலே வந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாவது நாள் அக்காவும் அற்புதசாமி அண்ணனும் புத்தூர் பக்கம் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கையை மடியில் வைக்கச் சொல்லி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னாராம். சுருள் சுருளாக வரையச் சொன்னாராம். நடக்கவிட்டுப் பார்த்தாராம். பார்க்கின்சன் என்றார். ஆரம்பம்தான், மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும், வேலை செய்யலாம், ஆனால் மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும் என்றார். இவ்வளவு சின்ன ஆட்டத்தை எப்படிக் கவனித்தீர்கள் என்று அவர் கேட்க, இடது விரலுக்கும் வலது விரலுக்கும் கன்ட்ரோலரில் வந்த எண்களை எழுதிவைத்திருந்த தாளை அக்கா நீட்டியிருக்கிறார்.

அன்று மாலை கடைக்கு வந்ததும் என் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"டாக்டர் சிரிச்சாரு. இதெல்லாம் டெஸ்ட்டு இல்லம்மா, ஆனா எழுதிக்கிட்டு வாங்க, மருந்தைக் கூட்டறதா வேணாமான்னு பார்க்க எனக்கும் ஒதவும்னாரு. தெனமும் காலைல ஒரே நேரம், ஒரே கன்ட்ரோலர். ஆனா நான் திரையைப் பார்த்தா கையை வெறைச்சுக்குவேன், எண்ணு பொய்யாப் போயிடும். அதனால திரும்பி உக்காந்துக்கறேன். நீ பார்த்துச் சொல்லு."

"நானாக்கா?"

"நீதான். வேற யாரு இருக்கா எனக்கு இங்க? இருவது எண்ணுறதுக்குள்ள அதிகமா என்னா வருதோ அதச் சொல்லணும். ஒண்ணு கொறைச்சே, நான் இந்தக் கடைக்கு வர மாட்டேன்."

ரெங்கராஜுக்குப் பன்னிரண்டு கன்ட்ரோலரும் என் விரலில் தேறித்தான் போயின. அக்கா பக்கத்தில் நின்று, "அழுத்தாத, லேசா, லேசா! மாவா பிசையிற?" என்று என் உயிரை வாங்கினார். ஏகாதசி முடிந்து ரெங்கராஜ் போன் செய்தார். பன்னிரண்டும் நன்றாக இருக்கிறதாம், ஆனாலும் அடித்துக்கொண்டார்களாம்.

தை, மாசி இரண்டு மாசமும் எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஆயிரத்து எழுநூறில் தொடங்கி ஆயிரத்து இருநூறு, ஆயிரம், எண்ணூறு. ஒரு நாள் அறுநூறு என்று நான் கூவியபோது அக்கா எழுந்து போய்ப் பக்கத்துக் கடைக்கெல்லாம் சேர்த்து டீ சொன்னார். மருந்து பிடித்துவிட்டது, இனி கவலையில்லை என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. அன்று மதியம் அவரும் அண்ணனும் வேளாங்கண்ணிக்குக் கிளம்புகிறார்கள். புதுச் சேலை, தலையில் மல்லிகைப்பூ. கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷமாம், அதற்கு நேர்ச்சை. வந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். பத்து மணி ஆனதும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வலது கட்டைவிரலை ஸ்டிக்கில் வைத்தார்.

நான் இருபது எண்ணினேன். எண் எழுநூறில் தொடங்கி ஏறியது. எண்ணி முடிக்கையில் இரண்டாயிரத்து நானூறைத் தொட்டிருந்தது. இதற்கு முன்னால் அவ்வளவு வந்ததே இல்லை.

ஊருக்குப் போய்விட்டு வரட்டுமே என்று தோன்றியது. திங்கட்கிழமை சொன்னால் என்ன குறைந்துவிடும்? எழுநூறு என்று சொல்லிவிட்டால் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்துவிட்டது.

"என்ன, வாய்ல கொழுக்கட்டையா?" என்றார் அக்கா, திரும்பாமல்.

"ரெண்டாயிரத்து நானூறு," என்றேன்.

விரல் ஸ்டிக்கின் மேலேயே இருந்தது.

"சரி, எழுது," என்றார்.

எழுதினேன்.